கையில்லாத பதினெட்டுச் சட்டைகள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் பாதி நலம். மீதிப் பாதி மூன்று நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறது, அதன் நலமறிய ஆவல். போனில் கேட்கலாமென்றால் உங்கள் மகளே எடுக்கிறாள், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நடந்ததை அவள் சொல்லியிருப்பாள். நானும் அதையேதான் சொல்லப்போகிறேன், தப்பு முழுக்க என்னுடையது. கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், அவ்வளவுதான். அவள் தையல் கடை ஆர்டர்களை நோட்டில் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன் பெண்டாட்டி நோட்டில் எழுதுவதா என்று எனக்கு ரோஷம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆர்டர் எடுக்க ஒரு புரோகிராம் செய்தேன். திரையில் சின்னச் சின்ன வட்டங்கள், ரேடியோ பட்டன் என்போம். உங்கள் பழைய டேப் ரெக்கார்டரில் ஒன்றை அமுக்கினால் மற்றது துள்ளி எழும்புமே, அதே சங்கதி: ஒரு கூட்டத்தில் ஒன்றுதான் தேர்வாகும். காலர் மூன்று வகை, கை மூன்று வகை, பை இரண்டு வகை. ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனிக் கட்டத்துக்குள் அடைக்க வேண்டும் மாமா. நான் அவசரத்தில் எட்டு வட்டத்தையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டேன். அப்போது பார்த்து ஒரு கம்பெனியின் காவலாளிகளுக்குப் பதினெட்டுச் சட்டை ஆர்டர் வந்தது. நானே பெருமையாக உட்கார்ந்து அமுக்கினேன். காலரை அமுக்கினேன், கையை அமுக்கியதும் காலர் போயிற்று, பையை அமுக்கியதும் கையும் போயிற்று. அச்சாகி வந்த சீட்டில் "காலர்: இல்லை, கை: இல்லை, பை: இரண்டு" என்றிருந்தது.

அவள் கேட்காமல் இல்லை. "ஏங்க, காவலாளிக்குக் கையில்லாத சட்டையா? சரியாப் பாத்தீங்களா?" என்று மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் திரைக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், "அதுல என்ன இருக்கோ அதுதான் சரி, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றேன். நாலு நாள் முதுகு ஒடியத் தைத்தாள். மேற்பார்வையாளர் வந்து ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, "எங்க ஆளுங்க காவலுக்கு நிக்கறவங்கம்மா, நீந்தப் போறவங்க இல்ல" என்றார். திங்கட்கிழமை வரை கெடு கொடுத்தார். அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. சட்டைகளையும் மிச்சத் துணியையும் மூட்டை கட்டிக்கொண்டு, "அந்தப் பொட்டியா, நானா? ஒண்ணத் தொடுங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்திருக்கலாம். "ரெண்டும் வேற வேற கட்டம்மா, ரெண்டையுமே தொடலாம்" என்று பாடம் நடத்தினேன். மூட்டை வாசலைத் தாண்டிவிட்டது.

மாமா, தையல் மெஷின் சத்தமில்லாமல் எனக்கு இந்த வீட்டில் ஒரு வரி புரோகிராம் எழுத வரவில்லை. அவள் இல்லாமல் நான் ஒன்றுக்கும் உதவாதவன், இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நீங்கள் சொல்லுங்கள். இனி நோட்டுதான். அவளுக்குச் சிரமமில்லாமல் பதிலையும் கீழே தயாராகப் போட்டிருக்கிறேன்.

ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்:
○ மன்னிக்கிறேன்
○ மன்னிக்க மாட்டேன்
○ வருகிறேன்
○ வர மாட்டேன்

அத்தைக்கு என் வணக்கம். என்னைக் கண்டாலே குரைக்கும் உங்கள் நாய்க்கும் என் அன்பு.

என்றும் உங்கள் ஆசி வேண்டும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அப்பா, இது நான் எழுதறேன். இங்க எங்க வீட்டுக்குப் பத்திரமா வந்து சேந்துட்டேன். இவர் ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார், கடிதம் மேசைமேல திறந்து கிடந்துச்சு. கடைசியில போட்டிருக்கற பதிலைப் பாத்தீங்களா? நாலையும் மறுபடி ஒரே கட்டத்துல போட்டிருக்கார்! ஒண்ணைத்தான் குறிக்கலாமாம். "வருகிறேன்"னு குறிச்சுட்டேன்; மன்னிக்க இடமில்ல. உண்மையில அங்கிருந்து கிளம்பும்போதே மன்னிச்சாச்சு. அதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அவர் வர்றதுக்குள்ள உறையை நானே ஒட்டிடறேன். அங்க நான் கையும் காலரும் வச்ச பதினெட்டு சட்டைக்கும் அவர் பட்டன் தைச்சு முடிக்கட்டும்.