ஆறு கணினிகளும் டியெப்பும்

"விடை ஒத்துப்போகவில்லை" என்று திரை சிவப்பாகச் சொன்னபோது அலுவலகத்தில் விளக்குகளை அணைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து, ஆளாளுக்கு மேசைக்கடியில் பாய் விரித்துத் தூங்கும் நேரம். டியெப் மட்டும் நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மலைத்தோட்டங்களில் விளையும் காப்பிக்கொட்டை எந்தக் கப்பலில் ஏறுகிறது என்பதை ஏழு ஏற்றுமதி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பிளாக்செயினில், அதாவது சங்கிலிபோல் நீளும் பொதுப் பதிவேட்டில், பதிந்துவந்தன. நிறுவனத்துக்கு ஒரு கணினி. புதிய பிளாக், அதாவது ஒரு கட்டுப் பதிவுகள், வந்ததும் ஏழு கணினிகளும் தனித்தனியாகக் கணக்குப் போடும். ஏழுக்கும் ஒரே விடை வரவேண்டும். அதற்காக, கணக்குத் தொடங்கும் முன்பே உள்ளேயிருக்கும் மெய்நிகர் எந்திரம் என்ற மென்பொருளிடம் இது எந்தச் சங்கிலி, எத்தனையாவது பிளாக், என்ன நேரம், எந்த விதிப்படி கணக்கு என்றெல்லாம் சொல்லிவைக்க வேண்டும். சைகோன் அலுவலகத்தில் அதைச் சொல்லிவைப்பது டியெப்பின் வேலை. சேர்ந்த புதிது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அன்று காலையிலிருந்து புதிய விதிகள். சுற்றறிக்கையைப் படித்து, அதில் சொன்னபடியே போட்டிருந்தாள். ஆனால் மற்ற ஆறு கணினிகளும் ஒரு விடை சொல்ல, அவளுடையது மட்டும் வேறு சொன்னது. இப்படியே நீடித்தால், இந்தக் கணினி தப்பாகக் கணக்குப் போடுகிறது என்று மற்றவர்கள் வாக்களித்துச் சங்கிலியைவிட்டே தள்ளிவிடலாம். இதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் சாப்பிடப் போனவர் திரும்பி வரவேயில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்கவும் பயம்.

பக்கத்து மேசையின் கீழே லோக் படுத்திருந்தான். அவளைவிட நாலைந்து வருடம் மூத்தவன்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன்."

"என்னோடது மட்டும் வேற விடை சொல்லுதுண்ணே."

"நேரம் தப்பா இருக்கும். பாரு." கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

நேரம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும், உலக நேரத்தைப் போட்டது தப்போ, நம்மூர் நேரத்தைப் போட்டிருக்க வேண்டுமோ என்று பயம் வந்துவிட்டது. மாற்றினாள். அடுத்து வந்த பிளாக், தன் கடிகாரத்தைவிட ஏழு மணி நேரம் பழையதாக இருக்கிறதே என்று எந்திரம் அதை வாங்கவே மறுத்தது. இதுவரை விடை தப்பாக வந்தது. இப்போது விடையே வரவில்லை.

இதையும் லோக்கிடம் சொன்னாள். அப்படியானால் சங்கிலி எண்தான் தப்பு என்று முனகிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பதற்றத்தில், சோதனைக்கென்று வைத்திருந்த ஒத்திகைச் சங்கிலியின் எண்ணை அடித்துவிட்டாள். பதிவுகளோடு வந்த மின் கையெழுத்து ஒவ்வொன்றையும் எந்திரம் யாரோ வேற்று ஆள் போட்டது என்று தள்ளியது. திரை முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடின.

அப்போது பார்த்து அறைக் கதவு திறந்தது. முதலாளி கியெம், ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு கழிப்பறைக்குப் புறப்பட்டு வந்தார். டியெப் திரையை அணைக்கப் போய்க் கணினியையே அணைத்துவிட்டாள்.

இருட்டில் கியெம் அவளிடம் குனிந்தார்.

"படுக்கலையாம்மா? மத்தியானம் கொஞ்சம் கண்ணசரணும். இல்லன்னா மூளை தப்புத்தப்பா யோசிக்கும்."

"இதோ படுக்கறேண்ணே."

அவர் போகும்வரை மூச்சுவிடாமல் இருந்தாள். பிறகு கணினியைப் போட்டாள். அது உயிரோடு எழுந்ததே பெரிய விஷயம். நேரத்தையும் எண்ணையும் பழையபடி ஆக்கினாள். மறுபடி அதே வேறு விடை.

மிச்சமிருந்தது விதி ஒன்றுதான். சுற்றறிக்கையை இன்னொரு தடவை படித்தாள். புதிய விதி, இன்று முதல் என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் சுற்றறிக்கை ஒன்று, கணினிகள் ஆறு. ஆறும் எப்படித் தப்பாக இருக்க முடியும்? நேற்று வேலைக்கு வந்த நான் யார், அவற்றோடு வாதாட?

பழைய விதிக்கு மாற்றினாள்.

பச்சை. ஏழுக்கும் ஒரே விடை.

டியெப் பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள். கொஞ்சம் அழுகைகூட வந்தது. கண் செருகும்போது விளக்குகள் எரிந்தன, கைபேசி அடித்தது. ஹைஃபோங் துறைமுகத்து நிறுவனத்தில் இவளைப் போலவே இந்த வேலையைப் பார்க்கும் லூயென்.

"அக்கா, உங்களுக்குக் கோடி நன்றி. நாங்க ஆறு பேரும் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் பழைய விதியையே போட்டு வச்சிருந்தோம். மத்தியானம் உங்க விடை மட்டும் வேறயா வந்ததே, அதைப் பாத்துத்தான் முழிச்சுக்கிட்டோம். இப்பத்தான் எல்லாரும் புது விதிக்கு மாத்தி முடிச்சோம்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு லூயென் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"ஆனா அக்கா, இப்ப உங்களோடது மட்டும் ஏன் வேற விடை சொல்லுது?"