மெத்தைக்கு முதுகு காட்டிய லொறி சேர்

தன் மாணவர்களின் ஒரு போட்டியைக்கூடக் கண்ணால் பார்க்காத மல்யுத்தப் பயிற்றுநர் கண்டி மாவட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். உலகத்திலேயே ஒருவர்தான் என்று எழுத ஆசை. ஆனால் எனக்கு உலகம் தெரியாது. தெரியாததை எழுதிவிட்டுப் பிறகு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஆகவே கண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டுகஸ்தோட்டையில் என் மகள் ஆரணி படிக்கும் பாடசாலையில் பிள்ளைகள் அவரை லொறி சேர் என்பார்கள். அவருக்குக் கழுத்து திரும்பாது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, முழு ஆளாகத் திரும்ப வேண்டும். பின்னால் நிற்கும் பிள்ளைகள், லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது கிளீனர் கத்துவதுபோல, "வரட்டும், வரட்டும், ஹரி" என்று குரல் கொடுப்பார்கள். அவரும் கோபிக்காமல் அந்தக் குரலுக்கு ஏற்றபடி திரும்பி நிற்பார்.

ஆரணியை மல்யுத்தத்தில் சேர்க்கச் சொன்னவர் என் கணவர். தாய்க்கு இல்லாத தைரியம் பிள்ளைக்காவது வரட்டும் என்றார். நான் மூன்று விதமான காப்புறுதி பற்றி விசாரித்துவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனேன். லொறி சேர் பிள்ளையை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னை ஒரு கதிரையில் இருத்தி, பருத்த மாணவன் ஒருவனைத் தூக்கி என் முன்னால் மெத்தையில் தொப்பென்று போட்டார். நான் என்ன முகம் காட்டினேனோ தெரியாது. அவர் முகம் மலர்ந்தது.

"சேத்துக்கலாம்," என்றார். "அம்மா நல்லா இருக்காங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது பாராட்டா பழிப்பா என்று யோசித்தேன்.

முதல் போட்டியில்தான் விளங்கியது. பயிற்றுநருக்கென்று மெத்தையின் மூலையில் போட்டிருந்த கதிரையை அவர் எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு, மெத்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அடுத்து யாருடைய பிள்ளை இறங்குகிறதோ அந்தத் தாயை நேரே முன்வரிசைக்கு அழைத்தார். பிறகு அவள் முகத்தையே பார்த்தபடி, "இடுப்ப விடாத", "கால உள்ள இழு" என்று பின்னால் இருந்த மாணவனுக்குக் கத்தினார். அதிசயம் என்னவென்றால், சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. ஒருமுறை நடுவர் ஒருவர் மெத்தையைப் பார்த்து உட்காரும்படி கண்டித்தார். லொறி சேர் மரியாதையாக எழுந்து திரும்பத் தொடங்கினார். அவர் திரும்பி முடிப்பதற்குள் போட்டி முடிந்து, பிள்ளைகள் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தாய்மாருக்கு அவர் போட்ட சட்டங்கள் தனி. கறுப்புக் கண்ணாடி கூடாது. முகக்கவசம் கூடாது. "நீங்க போனப் பாத்தா நான் குருடுங்க," என்பார். மடவளையில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஒரு தாயின் முகத்தில் எதுவுமே தெரியாது. மகன் வென்றாலும் தோற்றாலும் துணி அளப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருப்பார். அவரை மட்டும் சனிக்கிழமைகளில் வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். மகனைவிடத் தாய்க்குத்தான் வியர்த்தது என்று பேசிக்கொண்டார்கள்.

அவருடைய அருமையான மாணவி நான்தான். எனக்கு எல்லாவற்றுக்கும் முகம் மாறும்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நாட்டுக்காக விளையாடும் குழுவுக்கு ஆள் எடுக்கும் போட்டிவரை போனவர் அவர். அந்தப் போட்டியில்தான் கழுத்து போனது.

"கோச், ரெப்ரி, மண்டபம் முழுக்க ஆளு. எல்லாரும் பிடியத்தான் பாத்தாங்க. எங்கம்மா மட்டும் எந்திரிச்சு நின்னிருக்கா. அவள ஒருத்தரும் பாக்கல."

அதன்பின் அவர் மெத்தையில் ஏறவில்லை. மற்றவர்களின் பிள்ளைகளைத்தான் ஏற்றினார்.

இனி நான் சொல்லப்போவது தெல்தெனியவில் நடந்த போட்டி. வென்றால் ஆரணி கொழும்பில் நடக்கும் அகில இலங்கைப் போட்டிக்குப் போவாள். முதல் நாள் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததைப் பார்த்து நானும் சாப்பிடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு நேரெதிரே லொறி சேர், கையில் வியர்வை துடைக்கும் துவாயோடு. அந்தத் துவாயை மெத்தையில் எறிந்தால் எங்கள் பிள்ளை விட்டுக்கொடுத்துவிட்டது என்று கணக்கு.

ஆரணி நன்றாகவே செய்தாள். கடைசியில் மற்றப் பிள்ளையின் தலையைக் கையால் வளைத்துப் பிடித்து, மேலே சரிந்து அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வெற்றி. மண்டபம் கைதட்டியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கீழே கிடந்த பிள்ளையின் மடங்கிய கழுத்தும், தரையில் உதைத்துக்கொண்டிருந்த குதிக்காலும்தான்.

லொறி சேர் என் முகத்தைப் பார்த்தார். துவாய் அவர் தோளுக்கு மேலால் பறந்து மெத்தையில் விழுந்தது.

மற்றப் பிள்ளை ஒன்றும் ஆகாமல் எழும்பி, தலைமயிரைச் சரிசெய்தது. நடுவர் அதன் கையை உயர்த்தியபோது அதற்கே நம்ப முடியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஆரணி யன்னலைப் பார்த்தபடி ஒரு வசனம்தான் பேசினாள். "அம்மா, இனிமேல் நீங்கள் வரவேண்டாம்."

பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். மெத்தையைப் பார்க்காத பயிற்றுநர் தேவையா என்பதுதான் கேள்வி. பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாய் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் எழுந்தேன். அவரில் பிழையில்லை, அந்த நேரம் நான் உண்மையாகவே பயந்துவிட்டேன் என்றேன்.

பின்வரிசையில் ஒரு தந்தை அமைதியாகக் கேட்டார். "மிஸிஸ், நீங்க எதுக்காவது பயப்படாம இருந்திருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினேன். தேடி முடிப்பதற்குள் லொறி சேரை அனுப்பிவிடத் தீர்மானித்துவிட்டார்கள்.

மடுல்கெல்லைக்குப் போக அவர் பஸ்ஸுக்கு நின்றபோது போய் மன்னிப்புக் கேட்டேன். என் முகம் அவரை ஏமாற்றிவிட்டது என்றேன். அவர் முழுதாகத் திரும்பி என்னைப் பார்க்கும்வரை காத்திருந்தேன்.

"உங்க மூஞ்சி சரியாத்தாம்மா சொல்லிச்சு. எந்தப் புள்ளைக்குன்னுதான் நான் கேக்கல."

"மற்றப் பிள்ளைக்கு, சேர்."

"ஆமா. அதுவும் கழுத்துத்தானே," என்றார். பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

இப்போது புதிய பயிற்றுநர் வந்திருக்கிறார். இளைஞர், திறமையானவர். மெத்தையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். ஆரணி வெல்கிறாள். நான் வரவே கூடாது என்றவள், கடைசி வரிசையில் இருப்பதென்றால் வரலாம் என்று இறங்கி வந்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்து நான் வழக்கம்போலப் பயப்படுகிறேன். பயம் வரும்போதெல்லாம் என் கண் பயிற்றுநரின் மூலைக்குப் போகிறது. அங்கே இருப்பவரின் முதுகுதான் தெரிகிறது.