அக்கா கடித்து வைத்த ரொட்டி

சமர்கந்து
1993 மே 12, புதன்கிழமை

ராம்லா நகரில் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்துவரும் என் மூத்த சகோதரி மாஸோல் அக்காவுக்கு, ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியனும் உன் ஒரே தம்பியுமான ஹிஸ்கியோ தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. நானும் புலூரும் இவ்விடம் சுகம். அத்தானின் சர்க்கரை குறையவும், உன் முழங்கால் வலி தீரவும், பேரப்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மாமா தாத்தா இருப்பது மறக்காமல் இருக்கவும் சனிக்கிழமைதோறும் வேண்டிக்கொள்கிறேன்.

இனி விஷயம். கையில் தேநீர் இருந்தால் கீழே வைத்துவிடு. நாங்கள் வரவில்லை. நீ அழைப்புப் பத்திரம் அனுப்பி, நாங்கள் கடவுச்சீட்டு வாங்கி, இருபத்தைந்தாம் தேதி விமானத்துக்கு டிக்கெட்டும் எடுத்து அலமாரியில் வைத்திருப்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் வரவில்லை. திங்கட்கிழமை போய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் நேற்றுத்தான் இறங்கியது. நேற்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். நீ கோபித்துக்கொள்வதானால் உன்மேலேயே கோபித்துக்கொள். எல்லாம் உன் ரொட்டியால் வந்தது.

எந்த ரொட்டி என்று கேட்காதே. எழுபத்து மூன்றில் நீ ராம்லாவுக்குக் கிளம்பிய அன்று வாசலில் கார் நிற்க, அம்மா ஒரு வட்ட ரொட்டியை உன் வாய்க்கு நேரே நீட்டி, "கடிடி, நல்லாக் கடி. மிச்சத்த நீ திரும்பி வந்து தின்னு" என்றாளே, நீயும் அழுதுகொண்டே குருவி கொத்தின மாதிரி ஓரத்தில் கடித்தாயே, அந்த ரொட்டி. நம் யூதர்களானாலும் முஸ்லிம்களானாலும் பயணம் போகிறவர் கடித்துவிட்டுப் போன ரொட்டியை அவர் வந்து தின்னும்வரை வைத்திருப்பதுதானே இந்த ஊர் வழக்கம். அம்மா அதை வெள்ளைத் துணியில் முடிந்து முன்னறை ஆணியில் மாட்டினாள். அம்மா போனாள், அப்பா போனார், ரொட்டி மட்டும் போகவில்லை. இருபது வருஷமாகத் தொங்குகிறது. பூசணம் இல்லை, வண்டு இல்லை. வறண்ட கண்டத் தட்பவெப்பத்தின் பெருமைக்கு உதாரணமாக நான் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு விஷயம், வருஷம் ஆக ஆக உன் கடி கொஞ்சம் அகலமாகிக்கொண்டே வந்தது. காய்ந்த பொருள் சுருங்கும்போது ஓட்டை பெரிதாகும் என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். உன்னை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் முடிச்சை அவிழ்த்து அந்தப் பல் தடத்தைப் பார்ப்பேன். சிரிக்காதே, சில நாள் பேசியும் இருக்கிறேன்.

நீ போன மறு வருஷமே இதில் ஒரு சிக்கல் வந்தது, அதை யாரும் உனக்கு எழுதவில்லை. நம் பஸ்கா பண்டிகை வந்தது. எட்டு நாள் வீட்டில் புளித்த மாவு ஒரு துணுக்குக்கூட இருக்கக் கூடாது. அம்மா அலமாரி, சட்டைப் பை, கட்டிலுக்கு அடி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில் உன் ரொட்டி. எரிக்க மனசு வருமா? துணியோடு கழற்றி, மதில் சுவருக்கு மேலே கையை நீட்டிப் பக்கத்து வீட்டு ஹோஷிமின் பெண்டாட்டி சனோபர் அண்ணியிடம் கொடுத்தாள். "எட்டு நாள் இது ஒன்னோட ரொட்டி. ஒம்பதாம் நாள் என்னோட ரொட்டி." அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அந்த ரொட்டி எட்டு நாள் முஸ்லிமாக இருந்துவிட்டுத் திரும்பி வருகிறது. சனோபர் அண்ணி மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ள உலகத்தில் ஆள் கிடையாது.

இப்படி இருக்கையில் உன் அழைப்புப் பத்திரம் வந்தது. புலூர் அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நம்மவர்களெல்லாம் உங்கள் பக்கம் கிளம்பி, தெருவில் பாதி வீட்டுக்குப் பூட்டு. வெள்ளி இரவே ஏற்றிவைக்கும் சனிக்கிழமைச் சோறு முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு அடுப்பில் கிடக்கும், இப்போது நம் சட்டியோடு சேர்த்து நாலு சட்டி. "நான் மொதல்ல செத்துட்டா என்னைத் தூக்க தெருவுல ஆள் இருக்கா? நீங்க ஒருத்தரே தூக்கிருவீங்களா?" என்று கேட்டாள். அவள் உடம்பு உனக்குத் தெரியும். சரி, போவோம் என்றேன். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு உலக வரைபடத்தைக் குச்சியால் தட்டிக் காட்டிய எனக்கு, நேரில் பார்த்த அதிக தூரம் தாஷ்கெண்ட். அதுவும் பல் பிடுங்கப் போனது. நீ இருக்கிற தேசத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அதில் இறங்கி நடக்க வேண்டும் என்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளியே சொல்லவில்லை, ஆம்பிளை இல்லையா. அப்போதுதான் ஆணியைப் பார்த்தேன். "புலூர், இதை என்ன செய்யறது?" என்று கேட்டேன்.

பெட்டியில் வை என்றாள். வைக்க முடியாது. கடித்த வீட்டிலேயே தின்று முடிக்க வேண்டிய ரொட்டி, அதைத் தூக்கிக்கொண்டு போனால் நீ இனி வரவே மாட்டாய் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. எறி என்று மட்டும் அவள் சொல்லவில்லை. ரொட்டியை எறிகிற பெண் இந்த ஊரில் பிறக்கவில்லை. "அப்ப தபால்ல அனுப்புங்க, அவங்களே தின்னு முடிக்கட்டும்" என்றாள். இதுவும் வழக்கத்தில் இல்லைதான். ஆனால் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதால் போனேன்.

தபால் ஆபீசில் ஒரு பெண் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்தாள். "உள்ள என்ன, ஓடா?" "ரொட்டிம்மா." "எப்ப சுட்டது?" "எழுபத்து மூணுல." அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டிவந்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உணவுப் பொருள் என்றால் ஒரு மாதத்துக்குள் தயாரித்ததாக இருக்க வேண்டுமாம். இது உணவில்லை, நினைவுப் பொருள் என்றேன். "நெனவுப் பொருள்னா பழம்பொருளாயிடும் ஐயா. பழம்பொருள் நாட்டை விட்டுப் போகணும்னா தாஷ்கெண்டுல நிபுணர் குழு பாத்துச் சான்றிதழ் குடுக்கணும்." "ரொட்டிக்கா?" "கடிச்ச ரொட்டி வேற. யாரு கடிச்சதுன்னு கேப்பாங்க." எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு கிழவர், "தண்ணில நனைச்சு நீயே தின்னுட்டு வீட்டுக்குப் போப்பா" என்றார். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுபடி ஆணியில் மாட்டினேன். அடுத்த வாரம் வீடு பார்க்க ஜிஸாக்கிலிருந்து ஒருவர் வந்தார், துர்திபாய் என்று பெயர், கம்பளம் விற்கிறவர். கிணறு பார்த்தார், ஆப்ரிகாட் மரம் பார்த்தார், கூரையைத் தட்டினார், எல்லாம் பிடித்துப்போயிற்று. முன்னறைக்கு வந்து ஆணியில் கை வைத்தார். நான் "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான், மனிதர் கண் பளபளத்துவிட்டது. ஊரை விட்டுப் போகிற யூதர் வீட்டில் மூட்டை தொங்கினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "நான் வெளில சொல்ல மாட்டேன் வாத்தியாரே, உள்ள என்ன, தங்கமா?" என்று என் காதோடு கேட்டார். வேறு வழியில்லாமல் அவிழ்த்துக் காட்டினேன். பார்த்தார். பல் தடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகன் சைபீரியாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறானாம், நாலு வருஷமாக அவன் ரொட்டியும் தொங்குகிறதாம். "ஒரு பொண்ணு திரும்பி வர வேண்டிய வீடு இது. இதை நான் வாங்கினா, என் மகன் வீட்டை எவனாவது வாங்குவான். மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி, தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் வெளியே போய்ச் சொன்ன பிறகு இரண்டு பேர் வந்தார்கள், வாசலிலேயே நின்று, "ரொட்டி இருக்கற வீடுதானே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். புலூர் சமையலறையில் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். நான் தோட்டத்துக்குப் போய் யாரும் பார்க்காமல் கொஞ்சம் சிரித்தேன்.

ஆக, அக்கா, முடிவு நான் எடுத்ததில்லை. ரொட்டியைக் கொண்டுபோக முடியாது, விட்டுவிட்டு வர முடியாது, அனுப்ப முடியாது, அது இருக்கும்வரை வீட்டை வாங்க ஆளில்லை. நேற்று புலூரே பெட்டியிலிருந்து தலையணைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, "ஒங்க அக்கா பல்லு அங்க, கடி இங்க. நல்ல குடும்பம்!" என்று சொல்லிப் படுத்தவள், இன்னும் எழவில்லை. நாங்கள் இங்கேயே இருந்து உன் ரொட்டியைப் பார்த்துக்கொள்கிறோம். முடிந்தால் நீ ஒரு தரம் வந்து தின்றுவிட்டுப் போ.

உன் வீட்டு அடுப்பு அணையாமலும், அத்தானின் கையெழுத்து நடுங்காமலும், பிள்ளைகளின் பிள்ளைகள் உன் மடியை விட்டு இறங்காமலும் இருக்க ஆண்டவன் அருள் செய்யட்டும். புலூர் வணக்கம் சொல்லச் சொன்னாள். சொல்லச் சொல்லவில்லை, ஆனால் எழுந்ததும் சொல்லுவாள்.

உன் கால் தூசி,
ஹிஸ்கியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி கிழித்து எழுதுகிறேன். எழுதி முடித்த கையோடு, நல்ல சேதியாயிற்றே என்று ஹோஷிம் வீட்டுக்குப் போய், நாங்கள் எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன். ஹோஷிம் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான். சனோபர் அண்ணி, "எதுக்காகப் போகல?" என்று கேட்டாள். "எல்லாம் ரொட்டிக்காகத்தான் அண்ணி" என்றேன். அண்ணி முகம் வெளுத்து, கையிலிருந்த முறத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அது மாஸோல் ரொட்டி இல்ல வாத்தியாரே. அந்த ரொட்டிய எழுபத்தெட்டு பஸ்காவுலயே எங்க வீட்டு எலி தின்னுருச்சு. ஒங்கம்மா அப்ப படுத்த படுக்கை. போய்ச் சொன்னா மகளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சே உயிரை விட்டுருவாங்க. அதான் நானே ஒண்ணு சுட்டு, நானே கடிச்சு, வெயில்ல காய வெச்சுக் குடுத்துட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. ஒவ்வொரு வருஷமும் வண்டு விழுந்துருக்கும், பழசக் கோழிக்குப் போட்டுட்டுப் புதுசு கடிச்சுக் குடுப்பேன். எண்பத்தாறுல முன்பல்லு ரெண்டு போச்சு. மாட்டிக்குவேன்னு பயந்தேன். நீங்க ஒண்ணும் கேக்கல."

பதினைந்து வருஷம், அக்கா! என் கண்டத் தட்பவெப்பம், சுருங்குகிற ஓட்டை, நான் உன்னோடு பேசின பேச்சு எல்லாம் சனோபர் அண்ணியின் பல்லோடு! கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அண்ணி முந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போய், ஆணியிலிருந்து மூட்டையைக் கழற்றி, "கடிச்சவ நானு, தின்னு முடிக்க வேண்டியவளும் நாந்தான்" என்று சொல்லி, பச்சைத் தேநீரில் நனைத்து உட்கார்ந்து தின்ன ஆரம்பித்துவிட்டாள். ஹோஷிம் கேட்டான், "இத்தனை வருஷம் நீ எங்கடி பயணம் போயிருந்த?" "எங்க போனேன், மதில் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாப் போயிட்டு வந்தேன்" என்றாள். கடைசித் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒங்கள இங்க கட்டிப்போட்டு வெச்ச பாவம் எனக்கு வேணாம். போயி அக்காவப் பாருங்க" என்று அழுதாள். நானும் அழுதேன். புலூர் எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டாள், தலையணைகளை மறுபடி பெட்டிக்குள் அடைத்துவிட்டு, துர்திபாய்க்குத் தகவல் அனுப்ப ஆள் தேடிப் போனாள்.

அக்கா, எனக்கு இப்போது பொய் சொல்ல ரொட்டி இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த தேசத்தைப் பார்த்து பயமில்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு விமான நிலையத்தில் வழுக்கைத் தலையோடு ஒருவன் வந்து நிற்க, நீ என்னைத் தாண்டி யாரையாவது தேடுவாயோ என்றுதான் பயந்தேன். சுவரில் தொங்கிய மாஸோல் என்னை எப்போதும் அடையாளம் கண்டுகொண்டாள். அந்த மாஸோல் பக்கத்து வீட்டுக்காரியாம்! இதைவிட என்ன ஆகிவிடப் போகிறது என்று சொல்லவொண்ணாத நிம்மதியாக இருக்கிறது.

வருகிறோம். இருபத்தைந்தாம் தேதி. தந்தி தனியாகக் கொடுத்திருக்கிறேன். தபால் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும் என்பதால் இந்தக் கடிதத்தை என் சட்டைப் பையிலேயே கொண்டுவந்து உன் கையில் தருகிறேன். வாங்கியதும் அங்கேயே பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிடாதே. முதலில் என்னைப் பார்.