ஆயில் மாற்றிய நாள்

காலையில் ஆயில் மாற்றியதிலிருந்து பைக்கில் 'டக்கு டக்கு' என்று ஒரு சத்தம். மாற்றியது மெக்கானிக் இல்லை, தேவசகாயம். செல்போனில் வீடியோ பார்த்து அவனே மாற்றியிருந்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு பார்சல் கம்பெனியில் அவனுக்குப் புது வேலை. மாகறல், திருமுக்கூடல் பக்கம் டெலிவரி. வண்டியோடு வந்தால்தான் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

சர்வீசுக்கு அவன் நாள் பார்த்துதான் உட்கார்ந்தான். அன்று அமாவாசை. நெசவாளர் தெரு அது; அமாவாசையில் தறி ஓட்டக்கூடாது என்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். எஞ்சினை நிம்மதியாகக் காதுகொடுத்துக் கேட்கலாம்.

கேட்டான். ஸ்டார்ட் பண்ணினால் டக்கு டக்கு. ஆஃப் பண்ணினால் தெருவே அமைதி. ஒரு தடவை எஞ்சின் நின்ற பிறகும் தனியாக ஒரு டக்கு வந்தது. சூட்டினால் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

"மெக்கானிக் முத்துக்குமார் கடைல விடுன்னு தலைபாடா அடிச்சிக்கினேன்," என்றாள் மனைவி சுகாசினி.

"ஆயில் மாத்தத் தெரிஞ்சவனுக்கு சத்தம் புடிக்கத் தெரியாதா?"

செயினை இறுக்கினான். சத்தம் போகவில்லை, வேகம்தான் கூடியது. எஞ்சின் தலையில் இருந்த டேப்பெட் ஸ்க்ரூவைத் திருகினான். பழைய டக்கோடு புதிதாக ஒரு கிடுகிடுப்பும் சேர்ந்துகொண்டது.

பக்கத்து வீட்டு நெசவாளர் கலியாணசுந்தரத்தின் மனைவி இளவரசி மதில்மேல் எட்டிப் பார்த்தாள். இரைச்சலுக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று அவன் கை சாவிக்குப் போனது. அவள் காபி டம்ளரை நீட்டினாள்.

"நிறுத்தாதீங்கண்ணா. நல்லா முறுக்கிப் பாருங்க. அப்பதான் கோளாறு தெரியும்."

சுகாசினிகூட இதுவரை அவனிடம் இப்படிப் பேசியதில்லை. முக்கால் மணி நேரம் முறுக்கினான்.

கோளாறு தெரியவில்லை. வெட்கத்தை விட்டு முத்துக்குமாருக்கு போன் போட்டு, போனை எஞ்சின்மேல் வைத்தான்.

"உள்ளார ராடு போயிருக்கும்பா. நீ எதையும் தொடாத. காலைல கடைக்கு எடுத்துக்கினு வா."

கடை திறப்பது பத்து மணிக்கு. வேலை எட்டு மணிக்கு. அவன் தொட்டான்.

சாயங்காலம், துணி ஊறவைக்கும் பேசினில் எஞ்சின் பாதி கிடந்தது. மீதி பாதி எந்தப் பக்கமாக உள்ளே போகும் என்பதை வீடியோவில் சொல்லவில்லை.

"காலைல இந்தப் பேசினைத் தலைல வெச்சிக்கினு மாகறலுக்கு நட," என்று சொல்லிவிட்டு சுகாசினி உள்ளே போனாள்.

மதில்மேல் மறுபடி இளவரசியின் தலை தெரிந்தது. முகத்தில் நிஜமான கவலை.

"ஏண்ணா நிறுத்திட்டீங்க?" என்றாள், குரலைத் தணித்து. "இன்னும் அரை மணி நேரம் முறுக்குங்கண்ணா. தறில புடவை முந்தானை ஒரு சாண்தான் பாக்கி இருக்குது, அமாவாசையும் அதுவுமா எங்க தறி சத்தம் தெருவுக்குக் கேட்டுடப் போவுது."