வணக்கப் பத்தி நீக்கம்

2014ஆம் ஆண்டு ஜூலை எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். குளிர்ந்த தூறல். வெளியுறவு அமைச்சகத்தின் இரண்டாம் மாடியில் லுசுங்கு நியாசுலு ஒரு பத்தியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அடித்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் நிற்கும் பத்தி அது: மேன்மைதங்கிய தூதரகத்துக்கு அமைச்சகம் தன் வணக்கத்தைத் தெரிவிப்பதில் பெருமையடைகிறது. கடிதத்தின் காலிலும் ஏறக்குறைய அதுவே நிற்கும். தூதரகப் பணியைச் சீர்திருத்த ஆளுக்கொரு யோசனை கேட்டுச் சுற்றறிக்கை வந்தபோது, தலையும் காலும் வேண்டாம் என்று நியாசுலு எழுதியிருந்தார். செயலாளர் திருமதி கபாம்பே ஏற்றுக்கொண்டார்.

"ஒரு வாரம் சோதனை. பலிச்சா, உங்களை நைரோபிக்கு அனுப்பற உத்தரவுல அன்னிக்கே கையெழுத்து."

"பலிக்கலைன்னா, அம்மா?"

"அதுக்கும் ஒரு கையெழுத்து இருக்கு."

பத்தொன்பது ஆண்டுகளாக அயல்நாடுகளுக்குக் கடிதம் எழுதியும் ஓர் அயல்நாட்டைக்கூடப் பார்த்திராத நியாசுலு, பலிக்கும் என்றார். மகிழ்ந்துபோன செயலாளர், அலுவலகத்துக்குள்ளும் நலம் விசாரிக்கக் கூடாது என்று கதவில் அறிவிப்பு ஒட்டினார். 'நல்லா விடிஞ்சுதா?' என்று யாரும் கேட்காமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல், பலர் அன்று பேசவே இல்லை.

முதல் கடிதம் அண்டை நாட்டுத் தூதரகத்துக்குப் போனது: 'மீன்பிடி எல்லைப் பேச்சு, திங்கள் பத்து மணி. வருவீர்களா?'

பதினொரு மணிக்கு அந்தத் தூதரகத்தின் தபால்காரர் யாமிகானி பதிலுடன் வந்து, உறையைக் கொடுத்துவிட்டு, யாராவது நலம் கேட்பார்கள் என்று சற்று நின்றார்; பிறகு போய்விட்டார். பதிலில் ஒரே சொல்: 'வருவோம்.'

"வருவோமா!" என்றார் செயலாளர். "சண்டைக்கு வர்றவன் சொல்ற மாதிரி இருக்கே! என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

நியாசுலு குழம்பினார். உடனே நான்கு பக்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதில் வணக்கம் மட்டும் மூன்று பக்கம்.

மறுநாள் யாமிகானி கொண்டுவந்த பதில்: 'நீளம்.'

"சுருக்கினாலும் கோவம், நீட்டினாலும் கோவம்" என்றார் நியாசுலு. "அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?"

"அதை என்கிட்டயா கேக்கறீங்க? யோசனை யாரோடது?"

எழுத்தே ஆபத்து என்று முடிவுசெய்த நியாசுலு, ஒரு கூடை சம்போ மீனைக் கடிதமே இல்லாமல் அனுப்பினார். மாலையில் பதில் வந்தது: 'கிடைத்தது.'

"நன்றின்னு ஒரு வார்த்தை இல்ல பாருங்க!" செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மீனைக்கூடத் தின்னிருக்க மாட்டாங்க."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விமான நிலையத்திலிருந்து தகவல் வந்தது: அண்டை நாட்டுத் தூதர் இரண்டு பெட்டிகளுடன் தாய்நாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். தூதரைத் திரும்ப அழைத்துக்கொள்வது எதன் முதற்படி என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

திருமதி கபாம்பே கையெழுத்திட்டார். மை காயும்வரை ஊதினார். எழுந்து வந்து தம் கையாலேயே உத்தரவைக் கொடுத்தார்: நியாசுலு ஏரிக்கரை எல்லைச் சாவடிக்கு மாற்றப்படுகிறார், கடவுச்சீட்டுகளுக்கு முத்திரை குத்தும் பணி, இன்றே. பிறகு தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாசலில் யாமிகானி இன்னோர் உறையுடன் நின்றுகொண்டிருந்தார். இனி எந்த அறிவிப்புக்கும் கட்டுப்படத் தேவையில்லாத நியாசுலு, பழக்கதோஷத்தில் கேட்டார்:

"நல்லா விடிஞ்சுதா, அண்ணே?"

யாமிகானியின் முகம் மலர்ந்தது. "நல்லா விடிஞ்சுது தம்பி, உங்களுக்கு?"

"ஏதோ விடிஞ்சிருக்கு." உத்தரவை மடித்தார். "உங்க தூதருக்கு எங்க மேல ரொம்பக் கோவமோ?"

"கோவமா? உங்க முதல் கடுதாசியைப் பாத்த நிமிஷமே பிடிச்சுப்போய், இனி நாமளும் ஒத்தை வார்த்தையிலதான் எழுதணும்னுட்டார். இப்ப அந்த முறையை ஊர்ல அமைச்சருக்கே சொல்லிக்குடுக்கத்தான் பிளேன் ஏறியிருக்கார்!"