ஆக்டோபஸ் கண் திறக்கும் வரை

மாலை ஆறு மணிக்கு மனைவி வேலையிலிருந்து வந்தபோது சின்ன அறைக்குக் கதவு இல்லை. கதவு ஹாலில் சுவரோடு சாய்ந்து நின்றது. அதன் பக்கத்தில் அதே மாதிரி சுவரோடு சாய்ந்து கணவர் நின்றார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் முக்கால்வாசிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவர். வீட்டில் மட்டும் அவர் பேச்சு தரைத்தளத்தை விட்டு ஏறியதில்லை. மனைவி கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பதினான்கு வருடமாக ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தபடியே வண்டியைத் தான் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகிறவள். இதைக் கணவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம். யோசிக்கிற பழக்கம் இருந்தால் கதவைக் கழற்றியிருக்க மாட்டார்.

"கதவு ஏன் வெளியில நிக்குது?"

"காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு."

"உள்ள ஏதோ பொம்பளைக் குரல் கேக்குதே. காப்பாத்து காப்பாத்துன்னு."

"அது மெஷின்."

"எந்த மெஷின்?"

"பின்பால் மெஷின். கண்ணாடிக்குக் கீழ இரும்புக் குண்டு ஓடும். கீழ ரெண்டு குட்டி மட்டை இருக்கும். குண்டு உள்ள விழுந்துடாம மட்டையால மேல தட்டி விடணும். நான் லிஃப்ட் பார்க்கப் போற ஆபீஸ்ல பொழுதுபோக்கு ரூமை மூடுறாங்க. தூக்கிட்டுப் போறவங்க எடுத்துக்கலாம்னாங்க. தூக்கிட்டு வந்துட்டேன்."

"கதவைக் கழட்டாம வராதா?"

"இது சாதாரண மெஷின் இல்ல. வைட் பாடி. மத்ததை விட ஒரு சாண் அகலம்."

"அளந்து பார்த்துட்டுத்தானே கொண்டு வந்தீங்க?"

"வெளி வாசலை டேப் வச்சு அளந்தேன். இந்த வாசலைக் கண்ணால அளந்தேன்."

நாள் முழுக்க அரை விரற்கடைக்கும் கால் விரற்கடைக்கும் சண்டை போடுகிற தொழில்காரர் சொல்லுகிற பதில்தானா இது என்று மனைவி கேட்கவில்லை. அறையை எட்டிப் பார்த்தாள். இரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த அறை அது. அங்கே ஒரு மேஜை போட்டு, வண்டி பழகுகிறவர்களுக்குச் சாலைக் குறிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இப்போதைக்குச் சாப்பாட்டு மேஜையில் தட்டை ஒதுக்கிவிட்டுத்தான் பாடம் நடக்கிறது. போன வாரம்கூட ஒருவர் 'நிறுத்தக் கூடாது' படத்தின் மேல் குழம்பைக் கொட்டிவிட்டார்.

"என் மேஜை?" என்றாள்.

"வரும். வராம எங்க போகும்?" என்றார்.

அந்த மெஷினைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒரு சினிமாவை வைத்துச் செய்தது. கடலுக்கடியில் மாட்டிக்கொண்ட ஏழு டைவர்கள், அவர்களைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு ஆக்டோபஸ். படம் எட்டு நாள் ஓடியது. அதில் நடித்தவர்களே மறந்துவிட்டார்கள். மெஷின் மட்டும் பிழைத்துக்கொண்டது.

பின்பால் ஆடுகிறவர்களுக்கு ஒரு கிளப் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் கூடுவார்கள். அங்கே இந்த மெஷினுக்குப் பெயர் எருமை. குண்டு மெதுவாகத்தான் போகும். அகலம் அதிகம் என்பதால் பக்கவாட்டில் உலா வேறு போகும். "மேல அனுப்பிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்" என்று கிண்டல் செய்கிறவர்கள் பலர். ஆனால் கிண்டல் செய்கிறவர்களும் ஒரு எருமை எங்கேயாவது கண்ணில் பட்டால் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்காமல் வர மாட்டார்கள். காரணம், அதன் கிளைமாக்ஸ். ஒரே ஆட்டத்தில் குண்டால் அடித்து ஏழு டைவரையும் மீட்டால் ஆக்டோபஸ் கண்ணைத் திறக்கும். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. கிளப்பில் பதினோரு பேர் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பதினோரு பேரும் வேறு வேறு கிளைமாக்ஸ் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஆக்டோபஸ் அழுதது. இன்னொருவருக்கு மெஷினே தரையிலிருந்து எழும்பியது. பல் டாக்டர் மட்டும் எதுவும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொள்வார். எல்லாரையும் விட அவரைத்தான் நம்பத் தோன்றும்.

தானும் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று நம் லிஃப்ட் மெக்கானிக் ஆசைப்பட்டார். வாழ்க்கையில் அவர் பெரிதாக வேறு எதற்கும் ஆசைப்பட்டவர் இல்லை என்பதால் இந்த ஆசை கொஞ்சம் பலமாகவே இருந்தது. அந்த வேகத்தில் ஹாலின் நடுவே நின்று சபதம் செய்தார்.

"முப்பது நாள். அதுக்குள்ள நான் கிளைமாக்ஸைப் பார்த்துட்டா மெஷின் இந்த ரூம்லதான் இருக்கும். ஆயுசுக்கும். பார்க்கலைன்னா நானே தூக்கி வெளிய வச்சிடுறேன். ரூம் உனக்கு."

"சரி," என்றாள்.

அவர் ஐந்து ஆட்சேபணைகளை எதிர்பார்த்து ஐந்து பதில்களைத் தயாரித்து வைத்திருந்தார். அத்தனையும் வீணாகப் போயிற்று.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். கதவை மாட்டுங்க."

"மாட்டிட்டா மெஷின் வெளிய வராதே."

"அப்ப தோத்துடுவோம்னு நினைக்கிறீங்களா?"

அவர் கதவை மாட்டினார்.

வேலையிடத்தில் அவர் தினமும் ஒரு வசனம் சொல்வார். லிஃப்டுக்கு அவசரப்பட்டு பட்டனைப் பத்து தடவை அமுக்குகிறவர்களைப் பார்த்தால், "ஒரு தடவை போதும் சார், அதுக்குக் காது கேக்கும்" என்பார். அதே மனிதர் வீட்டில் மெஷின் முன்னால் நின்றதும் மட்டைகளை அசைக்கும் இரண்டு பட்டனையும் விடாமல் அடித்தார். குண்டு மேலே இருக்கும்போது அடித்தார், கீழே வரும்போது அடித்தார், உள்ளே விழுந்த பிறகும் துக்கத்தில் அடித்தார். இடுப்பால் மெஷினை இடித்தார். ரொம்ப ஆட்டினால் அது கோபித்துக்கொண்டு விளக்கை அணைத்து, ஆடவிடாமல் செய்துவிடும். அணைத்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை அணைத்தது.

பதினெட்டாம் நாள் வரை நான்கு டைவருக்கு மேல் கரையேறவில்லை. மணிக்கட்டில் கட்டு ஏறியது. சாப்பிடும்போதும் விரல்கள் தட்டின் இரண்டு பக்கமும் துடித்தன. தோற்றால் மெஷின் போய்விடும், கிளப்பில் முகம் காட்ட முடியாது, அந்தக் கண்ணைப் பார்க்காமலே காலம் ஓடிவிடும் என்று நினைத்து அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

பத்தொன்பதாம் நாள் மாலை மனைவி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆடுங்க, பார்ப்போம்."

ஆடினார்.

"இப்ப குண்டு எங்க இருக்கு?"

"மேல."

"அது மேல இருக்கிறப்ப கீழ இந்த ரெண்டும் எதுக்கு அடிச்சுக்குது?"

"பழக்கம்."

"சிவப்பு விளக்குல நின்னுக்கிட்டு ஹாரன் அடிக்கிறவங்களும் இதையேதான் சொல்வாங்க. தோளை இறக்குங்க. இன்னும். மூச்சை விடுங்க. இப்ப அது வருது, வரட்டும்."

"வந்துடுச்சு."

"வரட்டும்ங்கிறேன். சும்மா இருங்க."

சும்மா இருப்பது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது. இருந்தும் இருந்தார். குண்டு வந்து, அசையாமல் கிடந்த இடது மட்டையில் பட்டு, தானாகவே துள்ளி வலது மட்டைக்குப் போய் நின்றது. எஜமானர் வரட்டும் என்று காத்திருப்பது போல நின்றது.

"இப்ப நிதானமா அடிங்க."

அடித்தார். ஐந்தாவது டைவர் கரையேறினார்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு. பதினாலு வருஷத்துல அதை நான் மிதிச்சது கொஞ்சம்தான். மிதிக்காம உட்கார்ந்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்."

அன்றிலிருந்து தினமும் வகுப்பு நடந்தது. எருமைக்கு அவசரம் ஆகாது, பொறுத்தவனிடம்தான் அது படியும் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. கிளப்பில் சத்தம் போட்டுத் திட்டுகிறவர்கள் எல்லாரும் தன்னைப் போலப் பட்டன் அடிக்கிறவர்கள் என்பதும் புரிந்தது. ஒரு நாள் மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"நீ சொல்லிக் குடுத்து நான் ஜெயிச்சா உன் ரூம் போயிடுமே?"

"போனாப் போகுது. மூணு வாரமா நீங்க சரியாச் சாப்பிடல. அதைப் பார்க்க எனக்கு நல்லா இல்ல."

இப்படி ஒரு மனுஷியிடமா மல்லுக்கு நின்றோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அன்று பாத்திரமெல்லாம் அவரே கழுவினார்.

இருபத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் பன்னிரண்டேகாலுக்கு ஏழாவது டைவர் வெளியே வந்தார். மெஷினின் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்தது. கணவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருட்டுக்குள் ஒரு குட்டி மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கிரீஸ் காய்ந்துபோன மோட்டார் என்று அவர் காது அந்த நிலையிலும் கண்டுபிடித்தது. ஆக்டோபஸின் இமை மேலே போனது. உள்ளே ஒரு மஞ்சள் பல்பு. கண் இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. மேலே ஸ்கோர் பலகையில் 'வாழ்த்துகள்' என்று எழுத்து ஓடியது. இமை இறங்கியது. விளக்குகள் வந்தன. குண்டு மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றது.

அவர் காத்திருந்தார். மேற்கொண்டு எதுவும் நடக்கவில்லை.

"அவ்வளவுதானா?"

"கண்ணைத் திறந்துச்சே," என்றாள் மனைவி. "நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"மஞ்சள் பல்பு."

"ஆமா, மஞ்சள் பல்புதான்."

அன்று மாலை கிளப்புக்குப் போய்ச் செய்தியைச் சொன்னார். ஷெட்டே எழுந்து நின்றது. "என்ன நடந்துச்சு?" என்று பார்க்காதவர்கள் கேட்டார்கள். பார்த்த பதினோரு பேர் மட்டும் கேட்கவில்லை. அவர்கள் ஒருவித கலக்கத்தோடு இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார். பிறகு யோசித்து, கண்ணை மூடிக்கொண்டார். பல் டாக்டர் கிட்டே வந்து அவர் தோளை ஒரு தடவை அமுக்கிவிட்டுப் போனார்.

இப்போது வித்தை தெரிந்துவிட்டதால் அந்த வாரம் இன்னும் மூன்று தடவை கண்ணைத் திறக்க வைத்தார். மூன்றாவது தடவை அது திறக்கும்போது அவர் நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அந்த அறைக்குள் போகவே இல்லை. மெஷின் மேல் துணி காய ஆரம்பித்தது. அவருடைய துணிதான், அவரே போட்டதுதான். கடைசியில், ஷெட்டில் இடம் இருக்கிறதா என்று பல் டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டு வைத்தார். இருக்கிறது என்றார். வீட்டில் சொல்வதுதான் பாக்கி. ஆயுசுக்கும் என்று சபதம் செய்து ஜெயித்த பொருளை இரண்டே வாரத்தில் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த ரூமைப் பத்தி யோசிச்சேன்."

"ம்."

"ஜெயிச்சது நான். அதை யாரும் மாத்த முடியாது. ஆனா ஜெயிச்சவன்தானே விட்டுக் குடுக்கணும். உனக்காக மெஷினைக் கிளப்புக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

"பெரிய மனசுங்க உங்களுக்கு."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்று தோன்றியது.

"நாளைக்கே கடைக்குப் போய் உனக்கு நல்லதா ஒரு மேஜை பார்க்கலாம். நீ எதைக் காட்டுறியோ அது."

"பார்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்துடும். செய்யச் சொல்லியாச்சு."

"செய்யச் சொல்லியாச்சா? எப்ப சொன்ன?"

மனைவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"நாற்காலி போட்டு உங்க பக்கத்துல உட்கார்ந்தேனே, அன்னிக்குக் காலையிலயே."