என் பாயை வெட்டிய மெத்தைக் கேப்டன்

கடலூர் துறைமுகத்தில் என் வயிற்றெரிச்சலை மெத்தைக் கேப்டன் அளவுக்குக் கொட்டிக்கொண்ட மனிதர் வேறு யாரும் கிடையாது. நான் தார்ப்பாய் தைக்கிறவன். அதிகம் பேச மாட்டேன். அவரிடம் மட்டும்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

2007 வாக்கில் வந்தார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உப்பனாற்றில் ஒரு பழைய பாய்மரப் படகை நிறுத்தி அதிலேயே குடியிருந்தார். வேலை? போர்வை தைப்பது. துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்து, மெத்தை மாதிரி. முதலில் லேப்டாப்பில் படம் போடுவார். அதைத் துணியில் அச்சடித்து, அதையும் சேர்த்துத் தைப்பார்.

நீர் ஏறினால் படகு ஆடும். அப்போது லேப்டாப். நீர் வற்றினால் படகு சேற்றில் உட்காரும். அப்போது தையல். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "முகூர்த்தம் ஏத்தத்துலயா, வத்தத்துலயா மாப்ள?" என்பார். தையல் நேரம் என்றால் வர மாட்டார்.

துணியில் அச்சடிக்கும் கடை சிதம்பரத்தில் இருந்தது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இவர் படகில் போவார். பரங்கிப்பேட்டைக்கே இரண்டு நாள். அங்கிருந்து சிதம்பரத்துக்கு எப்படியும் பஸ்தான்.

"இங்கயே பஸ் ஏறியிருக்கலாமே மாமா?"

"படகுல குடியிருக்கறவன் பஸ்ஸுல போனா படகு இன்னா நெனைக்கும்?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன பேசுவது?

ஒரு தடவை அச்சடித்த துணியைக் காட்டினார். நீளமாகச் சிவப்புக் கோடுகள், இரண்டிரண்டாக.

"இன்னா மாமா, தண்டவாளமா?"

சிரித்தார். துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவர் படகுக்குப் பாய் தைத்தவன் நான். பத்து நாள் வேலை. துணிகள் சேரும் இடமெல்லாம் சிவப்பு நூலில் இரட்டைத் தையல். ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், பாயின் நடுவில் ஜன்னல் அளவுக்கு ஓட்டை!

"எலி கடிச்சிதா?"

"கத்திரிதான். போர்வைக்கு ஒரு துண்டு வேண்டியிருந்துச்சி மாப்ள."

"கடலூர்ல துணிக்கடையே இல்லியா? படகு ஓட்டற பாயை எவனாவது வெட்டுவானா? நீங்க மனுசனா மாமா?"

ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த நேரம் பார்த்துத் துறைமுக ஆபீசர் ஒருவர் வந்தார். "ஓடாத படகு இங்க நிக்கக்கூடாது. வெள்ளிக்கிழம வருவேன். பாய் விரிச்சி முகத்துவாரம் வரைக்கும் போய்த் திரும்புங்க. இல்லன்னா படகை அப்புறப்படுத்திடுவோம்."

அவருக்கு வேறு வீடு கிடையாது. வியாழக்கிழமை காலையில் என் கடைக்கு வந்தார். பாய்த்துணி மிச்சமில்லை, கடைத்துணி காற்றில் கிழியும், என்னிடம் இருந்தது தார்ப்பாய்தான். அந்தக் கனத்தை அவருடைய பழைய பாய்மரம் தாங்காது. கக்கத்தில் இருந்த போர்வையை என் முன்னால் போட்டார். சிதம்பரத்தில் ஒரு கண்காட்சிக்காக இரண்டு வருடம் தைத்தது.

"பஞ்சை உருவிட்டு இத வெச்சித் தைச்சிடு மாப்ள."

விரித்தேன். நடுவில் என் பாயில் வெட்டிய துண்டு. அதில் என் சிவப்பு இரட்டைத் தையல். சுற்றிலும் அந்தத் தண்டவாளம். உற்றுப் பார்த்தேன். தண்டவாளம் இல்லை. என் தையலைப் போட்டோ பிடித்து, லேப்டாப்பில் பெரிதாக்கி அச்சடித்திருக்கிறார்.

"கேட்டுட்டு வெட்டறதுக்கு இன்னா?" என்று கத்தினேன்.

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். பொழுது சாய்வதற்குள் தைத்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை பாய் ஏறியது. கரையில் எல்லோரும் சிரித்தார்கள். காற்று பிடித்தது. ஒரு இழை பிரியவில்லை. முகத்துவாரம் வரைக்கும் போனார். திரும்பவில்லை. ஆபீசர் பேனாவைத் திறந்தபடி நின்றார்.

"எங்கய்யா போறாரு?"

"சிதம்பரத்துக்கு சார். கண்காட்சி."

ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டு, படகு ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தார். கேப்டன் ஆறாம் நாள் திரும்பினார். பாயையே கழற்றிக் கொண்டுபோய் கண்காட்சிச் சுவரில் மாட்டினாராம்.

2012-ல் அதே பாயோடு வடக்கே போய்விட்டார். என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இப்போது எந்தத் தார்ப்பாய் தைத்தாலும் ஓரத்தில் ஒரு முழம் கூடுதலாக விட்டு, அதில் சிவப்பு நூலில் இரட்டைத் தையல் போடுகிறேன். லாரிக்காரர்கள் எதற்கு என்று கேட்கிறார்கள். இதுவரை ஒரு பயலும் வெட்டிக்கொண்டு போகவில்லை.